நடைபாதை என்று எழுதினேன்

இன்றைக்கும் என் வேலையில் பாதி, மினிட்ஸ் எழுதுவதுதான். நாவலூரில் கண்ணாடி போட்ட கட்டடம், ஏழாவது மாடி. பத்துப் பேர் உட்கார்ந்து ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டிருப்பார்கள். நான் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து யார் என்ன சொன்னார்கள் என்று எழுதுவேன். ஒரு வார்த்தை சந்தேகமாக இருந்தால் கையைத் தூக்கிக் கூட்டத்தையே நிறுத்திவிடுவேன். முடிவு பண்ணினீர்களா, பேசினீர்களா, இரண்டும் ஒன்றில்லையே என்று கேட்பேன். மேனேஜருக்கு முகம் கடுகடுவென்று ஆகும். ஆகட்டும். ஒரு வார்த்தையை மாற்றிப் போட்டால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாது. எங்கள் காலனியில் எல்லோருக்கும் தெரியும்.

நான் படித்த கல்லூரி எங்கள் காலனிக்கு அடுத்தே இருக்கிறது. ஜி.எஸ்.டி. ரோட்டுக்கும் ஓ.எம்.ஆருக்கும் நடுவில், ஷேர் ஆட்டோ மட்டுமே ஒழுங்காக வரும் ஒரு ரோட்டில். கல்லூரியின் முகப்பு ரோட்டைப் பார்த்திருக்கும். எங்களுக்குத் தெரிவது அதன் முதுகு. தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர், ஹாஸ்டல் மெஸ்ஸின் புகை, அதற்கப்புறம் சீமைக்கருவேலம் மண்டிய கொஞ்சம் நிலம். அந்த நிலத்தைக் குறுக்காக வெட்டிக்கொண்டு ஒரு மண்பாதை போகும். எங்கள் தெருக்கோடியில் கிளம்பி ஏரிக்கரையில் போய் முடியும். ஏரிக்கரையில் இருப்பது எங்கள் இடுகாடு. வேதக்காரர்கள் என்கிற கிறிஸ்தவர்கள், இந்துக்கள் என்று காலனியில் யார் செத்தாலும் அந்த வழியாகத்தான் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். பத்து நிமிஷ நடை. நிலத்துக்குப் பட்டா கல்லூரியின் பெயரில் இருந்தது. அதற்கு முன்னால் யாரோ ஒரு பண்ணைக்காரர் பெயரில் இருந்தது. அந்தப் பண்ணைக்காரர்கூட பாதையில் கை வைத்ததில்லை.

நான் அந்தக் கல்லூரிக்குக் காலனியிலிருந்து நடந்து போனதே இல்லை. பின்பக்க கேட் வழியாகப் போயிருந்தால் ஐந்து நிமிஷம். ஆனால் நான் எதிர்த் திசையில் ஒரு ஸ்டாப் நடந்துபோய், அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து, முன்பக்க கேட்டில் எல்லோரும் பார்க்க இறங்குவேன். எந்த ஊர் என்று கேட்டால் கூடுவாஞ்சேரி பக்கம் என்பேன். பொய் என்று சொல்ல முடியாது. எதற்கும் ஏதோ ஒரு பக்கம் இருக்கத்தானே செய்யும்.

எங்கள் அத்தை, அப்பாவின் தங்கை, அதே கல்லூரியின் ஹாஸ்டல் மெஸ்ஸில் வேலை பார்த்தாள். பாத்திரம் தேய்ப்பாள், டீ கொண்டுபோய்க் கொடுப்பாள். முதல் வருஷம் ஒருநாள் காரிடாரில் எதிரே வந்தாள். நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டே கடந்து போனேன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "இன்னாடி, கண்ணு தெர்லியா உனுக்கு?" என்று கேட்டாள். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சர்தான், படிக்கிற எடத்துல எதுக்குப் பேச்சு" என்று தானே முடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு கல்லூரியில் என்னைப் பார்த்தால் அவளே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எனக்காக அவள் அதைச் செய்தாள். நான் அதை வசதியாக எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

மூன்றாம் வருஷம் நான் மாணவர் பேரவைக்குச் செயலாளர் ஆனேன். பெரிய தேர்தல் எல்லாம் இல்லை. தீர்மானப் புத்தகத்தைத் தமிழில் எழுத வேண்டும், அதற்கு யாரும் முன்வரவில்லை. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று ஆலோசகர் மேடம் என்னைப் பிடித்துப் போட்டார். அவர் வணிகவியல் துறை, பேரவையைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியை. பேரவையின் தலைவனை எல்லோரும் சேர்மன் என்றுதான் கூப்பிடுவோம். நிஜமாகவே கூடுவாஞ்சேரிக்காரன். அவன் அப்பா மனை போட்டு விற்பவர். அந்தக் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் நெல் வயல் இருந்ததாம். இப்போது வயலைக் கண்டால் அவர்கள் கண்ணுக்குக் கல் நட்ட மனைகளாகத்தான் தெரியும். பையனுக்கும் அதே கண்.

அவனுக்கும் எனக்கும் முதல் நாளிலிருந்தே ஆகவில்லை. "நீ கூடுவாஞ்சேரியா? எந்தத் தெரு?" என்று கேட்டான். நான், ஸ்டேஷனுக்கு அந்தாண்ட என்றேன். "அந்தாண்டன்னா?" என்றான். மினிட்ஸ் புத்தகத்தைத் திறந்து, "வருகைப் பதிவில் கையெழுத்துப் போடு" என்றேன். சிரித்துக்கொண்டே போட்டான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை, கடைசிவரை பிடிக்கவில்லை.

செமஸ்டருக்குச் செமஸ்டர் எல்லோரிடமும் பொழுதுபோக்குக் கட்டணம் என்று ஒன்று வாங்குவார்கள். அதைச் செலவு செய்வது பேரவையின் வேலை என்று விதியில் இருந்தது. நடைமுறையில் ஆண்டு விழாவுக்கு மேடை போடுவதோடு சரி. அந்த வருஷம் நிர்வாகம் திடீரென்று பாசத்தோடு வந்தது. பின்பக்க நிலத்தை முழுக்கச் சமன்படுத்தி டர்ஃப் மைதானம், ஜிம், சுற்றிலும் பெஞ்சு எல்லாம் போட்டுத் தருகிறோம், கட்டண நிதியை அதற்குக் கொடுங்கள், மாணவர்களுக்கு இது தேவை என்று பேரவை ஒரு தீர்மானம் போட்டுத் தர வேண்டும் என்றது. நிலத்தை அவர்களே சமன்படுத்திக்கொள்ள வேண்டியதுதானே, எங்கள் தீர்மானம் எதற்கு என்று எனக்கு முதலில் புரியவில்லை. அப்பாவுக்கு உடனே புரிந்தது.

அப்பா அப்போது படூரில் ஒரு அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி. வாரத்துக்கு ஒருநாள் லீவு. அந்த லீவில் காலனிக்காகப் பஞ்சாயத்து ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைவார். அப்படி அலைந்து அலைந்து ஆபீஸ் வார்த்தைகள் அவருக்கு அத்துப்படி. அவரை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன்.

"அவுங்க தாலுகா ஆபீசுக்குப் பர்மிசன் கேட்டு எழுதிக்கீறாங்க. பாதை கீதுன்னு நாம சொல்லுவோம்னு பயம். அதுக்கு ஸ்டூடண்டு பேரச் சொல்லி மறைக்கப் பாக்கறாங்க" என்றார். "நீதான எழுதற? ஒரே ஒரு வார்த்த போடும்மா. மாமூல் பாதைன்னு போடு. ரொம்ப நாளா ஜனங்க நடந்துகினு கீற வழிக்கு ஆபீசுல அதான் பேரு. பட்டா எவன் பேர்ல வேணா இருக்கட்டும். மாமூல் பாதைன்னு அவுங்க பேப்பர்லயே இருந்துட்சினா அப்பால எவனும் வேலி போட முடியாது. வேற எதுவும் எழுதாத. அந்த வார்த்தைய அப்படியே எழுது."

சரி நைனா என்றேன். அந்த வாரம் முழுக்க ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கூட்டம் ஒரு மதியம் செமினார் ஹாலில் நடந்தது. ஏ.சி. போட்டிருந்தார்கள். வகுப்புக்கு ஒரு பிரதிநிதி, மேடம், சேர்மன், நான். கிரிக்கெட் பையன்கள் டர்ஃப் தவிர வேறு எதையும் காதில் வாங்கவில்லை. ஹாஸ்டல் பெண்களுக்கு ஒரு பிரதிநிதி இருந்தாள், விழுப்புரம் பக்கத்துப் பெண். மைதானம் எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் ஐந்து மணிக்கு மேல் எங்களை அங்கே விடமாட்டீர்கள், பிறகு எங்கள் பணம் எதற்கு என்று நேருக்கு நேர் கேட்டாள். கேள்வி நியாயமானது. "ஜிம் வருதுல்ல, அங்க போங்க" என்றான் ஒருவன். "ஜிம்முக்கும் டைம் போடுவீங்க" என்றாள் அவள். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் நன்றாகவே திட்டிக்கொண்டார்கள். மேடம் பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

சேர்மன் எழுந்தான். "அந்த எடம் சும்மா கெடக்குது. முள்ளு, பாம்பு, குடிகாரனுங்க. டெவலப் பண்ணித் தரேன்றாங்க. இதுக்குப் போயி இன்னா விவாதம்? தீர்மானத்த எழுது" என்று என்னைப் பார்த்தான்.

நான் எழுந்தேன். "அந்த நிலத்துல ஒரு மாமூல் பாதை இருக்கு. அதைத் தீர்மானத்துல சேர்க்கணும்" என்றேன்.

உடனே சேர்மன், "மாமூலா? எந்த ஸ்டேஷனுக்குக் கட்டணும்?" என்றான்.

ஹால் முழுக்கச் சிரித்தது. கிரிக்கெட் பையன்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். மேடம்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் மாமூல் என்றால் போலீஸ்காரன் கடைக்காரனிடம் வாங்குவதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும், எனக்கே அதுதான் முதலில் ஞாபகம் வரும். அப்பா சொன்ன ஆபீஸ் அர்த்தத்தை எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு ஒரே ஒரு மூச்சு போதும். ஆனால் கதவு திறந்து அத்தை டீத் தட்டோடு உள்ளே வந்தாள்.

"யாரு போறாங்க அந்த வழியா?" என்றான் சேர்மன்.

"ஜனங்க."

"எந்த ஜனங்க?"

அத்தை வரிசையாக டம்ளர் வைத்துக்கொண்டே வந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. "சுத்துப்பட்டு ஜனங்க" என்றேன்.

"நீ கூடுவாஞ்சேரி ஆச்சே. உனக்கு எப்படித் தெரியும்?"

இதோ இந்த இடத்தில்தான். இதற்கு முன்னால் சொன்னதெல்லாம் இந்த ஒரு கேள்விக்காகத்தான். அத்தை என் மேசைக்கு வந்துவிட்டாள். சோப்புத்தூளும் சாம்பாரும் கலந்த அவளுடைய வாசனை எனக்கு நன்றாகத் தெரியும், அவள் மடியில் படுத்துத் தூங்கியிருக்கிறேன். நான் தலையைக் குனிந்துகொண்டு, "கேள்விப்பட்டேன்" என்றேன்.

அத்தை டம்ளரை வைத்தாள். எல்லோருக்கும் ஒரு சமோசா. என் தட்டில் இரண்டு வைத்துவிட்டுப் போனாள்.

அந்தச் சமயத்தில் ஹாஸ்டல் பெண் நடுவில் புகுந்தாள். அவள் எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தாள், அவள்மேல் எனக்குக் கோபமில்லை. "பாதை இருந்தா இருக்கட்டுமே. எங்களுக்கும் சாயங்காலம் நடக்க ஒரு இடம் வேணும்" என்றாள். சேர்மன் விரலைச் சொடுக்கினான். "அவ்ளோதான மேட்டரு. இருக்கற நடைபாதை பராமரிக்கப்படும்னு போட்டுக்கோ. ரெண்டு பேருக்கும் சந்தோசம். முடிஞ்சுது."

பேனா என் கையில் இருந்தது. புத்தகம் என் முன்னால் இருந்தது. நான் எழுதுவதை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மாமூல் பாதை என்று எழுதி நீட்டியிருந்தால் சேர்மன் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருப்பான், எப்போதும் அப்படித்தான் போடுவான். நான் இப்படி எழுதினேன்: பின்பக்க நிலத்தில் உள்ள நடைபாதை மாணவர் நலன் கருதி மேம்படுத்திப் பராமரிக்கப்படும். பாதை பாதைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. மாமூல் பாதை என்ற வார்த்தையில் எங்கள் காலனி இருந்தது, தாரை தப்பட்டை இருந்தது, தோளில் போகும் பிணம் இருந்தது. நடைபாதை என்ற வார்த்தையில் யாருமே இல்லை. அதனால்தான் எனக்கு அது வசதியாக இருந்தது. கீழே சேர்மன் கையெழுத்து, மேடம் கையெழுத்து, செயலாளர் என்ற இடத்தில் இன்ஷியலோடு என் கையெழுத்து.

அத்தை அன்று சாயங்காலம் வேலை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். கூட்டத்தில் நான் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "இன்னா எழுதின?" என்று மட்டும் கேட்டாள்.

"பாதை இருக்கும்னு எழுதிட்டேன் அத்த."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. "பாதை எங்கியும் போவாது. நம்ம பொண்ணு காலேஜு புஸ்தகத்துலயே எழுதிட்சி." அவளுடைய புருஷன், என் மாமா, அந்த இடுகாட்டில்தான் இருந்தார். கல்லறைத் திருநாளுக்கு எல்லோருக்கும் முந்திப் போய்ச் சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்து வைப்பவள் அவள். பக்கத்தில் இன்னொரு ஆள் படுக்க இடம் விட்டிருப்பதாகச் சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்த பிறகும் என்ன வார்த்தை எழுதினேன் என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

அப்பா டியூட்டி முடிந்து வந்ததும் கேட்டார். "மாமூல் பாதைன்னு போட்டியாம்மா?"

"ம்" என்றேன்.

அந்த ஒரு 'ம்' போதுமானதாக இருந்தது. கொஞ்ச நாளில் பஞ்சாயத்து ஆபீசில் நோட்டீஸ் ஒட்டினார்கள், மைதானத்துக்கு ஆட்சேபணை இருந்தால் இந்தத் தேதிக்குள் எழுத்தில் கொடுக்கவும் என்று. காலனியில் ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை. எதற்குக் கொடுக்க வேண்டும்? காலேஜ் புஸ்தகத்திலேயே இருக்கிறதே. தேதி போனது.

ஜே.சி.பி. வந்த அன்று எனக்கு இன்டர்னல் தேர்வு. ஜன்னல் வழியாகப் பின்பக்கம் தெரிந்தது. முள்ளைப் பிடுங்கிக் குவித்தார்கள், மண்ணை இழுத்துச் சமன் செய்தார்கள், பாதை எங்கே இருந்தது என்றே ஒரு மணி நேரத்தில் தெரியாமல் போனது. சாயங்காலத்துக்குள் எங்கள் தெருக்கோடியில் கம்பி வேலிக்குக் குழி தோண்டிவிட்டார்கள். தடுக்கப் போனவர்களிடம் சூப்பர்வைசர், பர்மிஷன் இருக்கிறது, தாலுகா ஆபீசில் போய்க் கேளுங்கள் என்றானாம்.

மறுநாள் அப்பாவும் தெருவில் நாலு பேரும் போனார்கள். மத்தியானம் நான் வீட்டில் இருந்தேன். அப்பா மட்டும் தனியாக வந்தார். சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார், சொம்பில் தண்ணீர் மொண்டு குடித்தார், கட்டிலில் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் நிதானமாகத்தான் பேசினார்.

"ஆபீசரு பேப்பர எட்த்துக் காட்னாரு. பாதையப் பத்தி அங்க படிக்கிற பிள்ளைங்களே எழுதிக் குட்த்துக்கீதுங்க, படிச்சிப் பாருன்னாரு. படிச்சேன்."

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"எங்க அபார்ட்மெண்டுலகூட ஒண்ணு கீது, நடைபாதை. காலையில சுத்தினு கீறாங்க, சாயங்காலம் சுத்தினு கீறாங்க. அது எங்கியும் போவாது. வெளியாளு வந்தா வெரட்டணும், அதான் எனக்கு டியூட்டி" என்றார். "மாமூல் பாதைன்னு எங்கனா கீதான்னு கேட்டாரு. இல்லீங்கன்னு நான்தான் சொல்ல வேண்டியதாப் போச்சி."

"நைனா..."

"கையெழுத்து அழகா கீது" என்றார். அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் என்னை அடித்திருந்தால் இன்றைக்கு மறந்துபோயிருப்பேன்.

நான் நேராகக் கல்லூரிக்குப் போனேன். வாழ்க்கையில் முதல்முறையாகப் பின்பக்க கேட் வழியாக. சேர்மன் கேன்டீனில் இருந்தான். தீர்மானத்தைத் திருத்த வேண்டும், கூட்டம் கூட்டு என்றேன். அது எங்கள் காலனியின் இடுகாட்டுப் பாதை என்றேன். எங்கள் என்ற சொல்லைக் கேட்டதும் அவன் டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

"ஓ. நீ அந்தக் காலனியா? மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தா வேற யாரையாச்சும் செக்ரட்டரியாப் போட்டிருப்போம்." அதே சிரிப்பு. "நீதானம்மா எழுதின? நான் கையெழுத்துதான் போட்டேன். இப்ப வந்து பேஜார் பண்ணாத."

அவன் சொன்னதில் முதல் பாதிக்கு அவன்மேல் இன்றைக்கும் எனக்கு வெறுப்பு இருக்கிறது. அதை நான் குறைத்துக்கொள்ளப் போவதில்லை. இரண்டாவது பாதி உண்மை, அதனால் அவனைப் பார்க்கவே எனக்கு ஆகாது.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் கூடுவாஞ்சேரி இல்லை, பின்னால் இருக்கும் காலனி. அது பிணம் போகும் பாதை. இங்கே டீ கொண்டுவருகிறார்களே, அவர்கள் என் சொந்த அத்தை. நடைபாதை என்பதை எடுத்துவிட்டு மாமூல் பாதை என்று திருத்த வேண்டும் என்று முன்மொழிகிறேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. எல்லோரும் மரியாதையாக மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிரிக்கெட் பையன் ஒருவன், டர்ஃப்புக்கு நடுவிலே பாடை போனால் எப்படி விளையாடுவது என்று பக்கத்தில் இருந்தவனிடம் மெதுவாகக் கேட்டான், எனக்குக் கேட்டது. மேடம், முடிந்த தீர்மானத்தைத் திறப்பது வழக்கமில்லை, இருந்தாலும் யாராவது வழிமொழிந்தால் பார்க்கலாம் என்றார். நான் ஹாஸ்டல் பெண்ணைப் பார்த்தேன். ஜிம் வந்ததும் பெண்களுக்கென்று தனி நேரம் தருவதாக அந்த வாரம்தான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். அவள் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தாள்.

வழிமொழிய யாருமில்லை, எனவே முன்மொழிவு கைவிடப்பட்டது. அதையும் நான்தான் எழுதினேன். எழுதி முடித்துப் புத்தகத்தை மேடத்தின் முன்னால் வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு கூட்டங்களுக்குப் போகவில்லை.

அத்தையிடம் நான் மன்னிப்புக் கேட்டேனா என்று எனக்கே நிச்சயமில்லை. கேட்க வாயெடுத்த ஒவ்வொரு முறையும் அவள் வேறு பேச்சை எடுப்பாள். மெஸ் வேலையை மட்டும் விட்டுவிட்டாள். கேட்டவர்களிடம் முட்டி வலி என்றாள். காலனியில் பழையபடி சிரித்துப் பேசினாள், என்னிடமும்தான். ஆனால் நம்ம பொண்ணு எழுதிட்சி என்று யாரிடமும் எதையும் சொன்னதில்லை. வேலிக்குப் பிறகு இடுகாட்டுக்குப் போக வேண்டுமென்றால் மெயின் ரோட்டுக்கு ஏறி, கல்லூரியின் முன்பக்கத்தைச் சுற்றிக்கொண்டு, அடுத்த ஊர்த் தெரு வழியாக ஏரிக்கரைக்கு வர வேண்டும். தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிற தூரம் இல்லை. ஒவ்வொரு சாவுக்கும் வேன் சொல்ல வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் தெருவில் தப்பு அடிக்கக் கூடாது என்றார்கள். எனவே எங்கள் ஆட்கள் அந்தத் தெரு வந்ததும் அடிப்பதை நிறுத்திவிட்டு, கருவியை மடியில் வைத்துக்கொண்டு போவார்கள். கல்லறைத் திருநாளுக்கு அத்தை சுண்ணாம்பு வாளியோடு ஷேர் ஆட்டோவில் ஏறினால், சிந்தும் என்று இறக்கிவிடுவார்கள். ஒரு வருஷம் வாளியைத் தூக்கிக்கொண்டு முழுத் தூரமும் நடந்தே போனாள்.

போன மழையில் அத்தை செத்துப்போனாள். மூன்று நாள் காய்ச்சல்தான்.

வேனில் பெட்டியின் ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் நான். எங்கள் தெருக்கோடிக்கு வந்ததும் டிரைவர் வேலிக்கு முன்னால் நிறுத்தி, வலது பக்கம் திருப்பினான். திருப்பும்போது வேலிக்கு அந்தப் பக்கம் நன்றாகத் தெரிந்தது. பச்சை டர்ஃப், அதைச் சுற்றிச் சிவப்புக் கல் பதித்த நடைபாதை, மழையில் கழுவிவிட்டதுபோல் அழகாகத்தான் இருந்தது. நடைபாதைக்குப் பக்கத்தில் ஒரு பலகை: வெளியாட்களுக்கு அனுமதி இல்லை. காதில் ஒயர் மாட்டிய பெண்கள் இரண்டு பேர் வேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். தப்புச் சத்தம் கேட்டு ஒருத்தி நின்று எங்களைப் பார்த்தாள். பிறகு விட்ட இடத்திலிருந்து நடந்தாள்.

மெயின் ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டோம். அடுத்த ஊர்த் தெருவில் தப்பை நிறுத்தினார்கள். வேனுக்குள் ஒரு சத்தமும் இல்லை. மேடு பள்ளத்தில் பெட்டி நகராமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தேன்.

மாமாவின் பக்கத்தில் அத்தை விட்டுவைத்த இடம் அப்படியே இருந்தது. மண் தள்ளி முடிந்து எல்லோரும் ஏரித் தண்ணீரில் கை கால் கழுவிக்கொண்டிருந்தோம். அங்கிருந்து பார்த்தால் எங்கள் தெரு தெரியும், எங்கள் வீட்டுத் தகரக் கூரை தெரியும். நடுவில் அந்த மைதானம்தான். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த விஷயத்தைப் பற்றி அத்தனை வருஷமாக அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"எனக்கு வேனு சொல்லாத" என்றார். காலனி ஆட்கள் எல்லோரும் சுற்றி நின்றிருந்தார்கள், எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னார். "வேலியப் பிரிச்சி அந்த வழியாவே என்னத் தூக்கினு வா. எவனாச்சும் வந்து மறிச்சா, இது நடைபாதை, எழுதிக் குட்த்ததே நான்தான்னு சொல்லு."

சரி நைனா என்றேன். முன்பொரு தடவையும் இதே மாதிரிதான் சரி என்று சொல்லியிருந்தேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேனில் ஏறிக்கொண்டார்.